மேலூர் லோடருக்கு நான் எழுதிய கார்டு

எங்கள் பழைய ஏஜென்சியின் சர்வீஸ் பையன்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற என்னையும் அதில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். போன வாரம் ஒருவன் கேட்டான்: “சார், எரர் கோடு காட்டாத வண்டியில எப்படி சார் ஃபால்ட் கண்டுபிடிச்சீங்க?” கீழே நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள்.

சிரியுங்கள். எண்பது தாண்டிவிட்டது, ஆனால் என் கட்டைவிரல் இன்னும் உங்களைவிட வேகமாகத்தான் ஓடுகிறது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்களை நானும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். கண்டுபிடித்த கதைகள் நிறைய உண்டு, அதையெல்லாம் என் பேரன் கேட்டுக் கேட்டு ஓடிவிட்டான். கண்டுபிடிக்க முடியாமல் நான் அசிங்கப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த கையோடு பாலக்கரையில் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். ஆறு மாதம் டீசலில் நட்டு கழுவினேன். கை நாறியது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அந்த ஆறு மாதத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

ஃபோர்மேன் பெயர் சிங்கராயர். குள்ளமான ஆள். அரைக்கை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எண்ணெய்க் காட்டுக்குள்ளேயே நடமாடுவார், சட்டையில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. அவர் திட்டி நான் கேட்டதில்லை. நாம் சொல்வதைச் சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியார் மாதிரி காதைச் சாய்த்துக் கேட்பார். முடித்ததும், “அப்பறம்?” என்பார். அந்த “அப்பற”த்துக்குப் பயந்தே பாதிப் பேர் உண்மையைக் கக்கிவிடுவார்கள்.

லோடர் அப்போது எங்களுக்கே புதுசு. சின்ன டிராக்டரின் முன்னால் இரண்டு இரும்புக் கைகள், கைகளின் நுனியில் மண் அள்ளும் பக்கெட். பம்ப் தள்ளுகிற எண்ணெயின் அழுத்தத்தில் கைகள் மேலே போகும். சிலிண்டருக்குள் இருக்கும் சீல் தேய்ந்தால், தூக்கி நிறுத்திய பக்கெட் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நான் முதல்முதலாக சீல் மாற்றிய அன்று சிங்கராயர் பக்கெட்டில் மணல் நிரப்பி மேலே தூக்கச் சொன்னார். பிறகு என் சாப்பாட்டு கேரியரை எடுத்து வந்தார். மேல் மூடிக்கும் பக்கெட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டு, அதன் கீழே கச்சிதமாக வைத்தார்.

“மணி பத்து. ஒரு மணிக்குச் சாப்பிடலாம்” என்றார்.

“சார், எங்கம்மா தயிர்சாதம் குடுத்தனுப்பிச்சிருக்காங்க.”

“சீல் ஒழுங்கா போட்டிருந்தா தயிர்சாதம். இல்லாட்டி தயிரு தனி, சாதம் தனி.”

பன்னிரண்டே காலுக்கு கேரியர் முனகியது. அன்று சிங்கராயர் தன் சாப்பாட்டில் பாதியை எனக்குக் கொடுத்தார். சீலை எண்ணெயில் ஊறவைக்காமல் உலர்ந்தபடியே திணித்திருந்தேன். அதற்குப் பிறகு நான் சீல் போட்ட பக்கெட் எதுவும் இறங்கியதில்லை. என் கேரியர்தான் கடைசிவரை கோணலாக இருந்தது.

அவரிடம் இன்னொரு விதி இருந்தது. ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு கார்டு எழுத வேண்டும்: என்ன குறை, என்ன சோதனை செய்தாய், காரணம் என்ன. எல்லாம் இங்கிலீஷில். ஆனால் காரணம் என்ற கட்டத்தில் ஓட்டுநரின் தவறு என்று எழுதினால் மட்டும், அந்தக் கார்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அந்த ஓட்டுநருக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த பிறகுதான் வண்டியின் சொந்தக்காரரிடம் நகல் போகும். எங்களுக்கு இது பெரிய ரோதனை. யாராவது, ‘நீ அலட்சியமாக ஓட்டினாய்’ என்று ஒருவர் முகத்தைப் பார்த்துப் படிப்பார்களா? அதனாலேயே பலர் அந்தக் கட்டத்தில் வேறு எதையாவது எழுதித் தப்பித்தார்கள். நான் படிப்பதையே தவிர்த்துவிட்டுத் தப்பிக்கப் பார்த்தேன்.

நான் அப்படித் தப்பிக்கப் பார்த்த வண்டி ஸ்ரீரங்கத்தைத் தாண்டி மேலூரில், கொள்ளிடக் கரையோர வாழைத் தோட்டம் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் வந்து வடிந்தபோது தோட்டம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு மணலைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அதை அள்ளிக் கரையோரம் கொட்டிவிட்டு மறுபடி கன்று வைக்க வேண்டும். அதற்காகவே டிராக்டருக்கு எங்களிடம் லோடர் மாட்டிக்கொண்டார் தோட்டத்துக்காரர். பெயர் வரதன். ஸ்ரீரங்கத்துக்காரர், பெரிய நிலக்காரர், தினமும் காலையில் நீராடித் திருமண் இட்டுக்கொண்டு, ஈரக் குடுமியோடு தோட்டத்துக்கு வருகிறவர். எல்லாரும் அவரை சுவாமி என்றுதான் கூப்பிடுவார்கள். டிராக்டர் ஓட்டுபவர் மாணிக்கம், உள்ளூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது.

குறை என்னவென்றால், காலையில் ஒரு மணி நேரம் நன்றாக வேலை செய்யும் லோடர், அதற்கப்புறம் ஊளையிட ஆரம்பிக்கும். பக்கெட் பாதி உயரத்தில் திக்கித் திணறி நின்றுவிடும். சத்திரம் தாண்டி, காவிரிப் பாலம் ஏறி, வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் போய் இறங்குவேன். சோதனை செய்வேன். லோடர் ஒரு குறையும் இல்லாமல் தூக்கும். திரும்பி வந்துவிடுவேன். அடுத்த நாள் அதே புகார்.

இரண்டாவது தடவை போனபோது, மணல் கூடை தூக்கிக்கொண்டிருந்த அஞ்சலை என்ற பெண் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள்: “இந்தா வந்துட்டாரு டாக்டரு! இவரு சைக்கிள் மணி கேட்டாலே சீக்காளி எந்திரிச்சு ஒக்காந்துக்கும் பாரு!”

கூடைக்காரப் பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது.

மாணிக்கம் சிரிக்கவில்லை. “சத்தியமா சொல்றேன் சார். நீங்க இருந்தா தூக்குது. நீங்க அந்தப் பக்கம் போனீங்கன்னா படுத்துக்குது.”

“வண்டிக்கு என் மேல என்ன லவ்வா?” என்றேன்.

மூன்றாவது தடவை எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். எண்ணெய் அளவு சரி. எண்ணெயில் நுரை இல்லை. ஓஸ் எதிலும் கசிவு இல்லை. கேஜ் மாட்டிப் பார்த்ததில் அழுத்தம் சரி. மணல் நிரப்பிய பக்கெட்டைத் தூக்கி நிறுத்தி, சிலிண்டர் தண்டில் சாக்பீஸால் கோடு போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தேன். கோடு நகரவில்லை. வண்டி நன்றாக இருக்கிறது என்றால் ஆள்தான் சரியில்லை. எனக்குத் தெரிந்த லாஜிக் அவ்வளவுதான். லீவரை அரைகுறையாகப் பிடித்து ஓட்டுகிறார், அலட்சியம், ஓட்டுநரின் தவறு என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். இரண்டு வார்த்தை டிக்‌ஷனரி வார்த்தை. மாணிக்கம் சாப்பிடப் போயிருந்தார். சுவாமி பக்கத்திலேயே நின்று கையை நீட்டினார். நகலைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டேன்.

மறுநாள் சிங்கராயர் அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, இந்தக் கட்டத்துல கையெழுத்தக் காணோமே?”

“அவரு சாப்பிடப் போயிட்டாரு சார்.”

“அப்பறம்?”

“எனக்கு லேட்டாயிருச்சு சார்.”

“அப்பறம்?”

அவர் கார்டைத் திருப்பி என்னிடம் நீட்டினார். “மாணிக்கம் காலையில நடந்தே இங்க வந்துட்டுப் போனாரு. சனிக்கிழமையோட நின்னுக்கன்னு சுவாமி சொல்லிட்டாராம். லால்குடியில வேற டிரைவருக்குச் சொல்லியனுப்பியாச்சாம். என்ன எழுதியிருக்குன்னு அவருக்குத் தெரியல. தெரிஞ்சுக்கலாம்னு வந்தாரு. நான் படிக்கல. எழுதுன ஆளுதான் படிக்கணும்.”

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை மேலூருக்குப் போனேன். வழியெல்லாம் இங்கிலீஷ் வார்த்தைகளுக்குத் தமிழ் தேடிக்கொண்டே போனேன். எழுதியபோது கம்பீரமாக இருந்த வார்த்தைகள் தமிழில் யாரையோ கன்னத்தில் அறைவது போல இருந்தன.

வண்டி வரப்போரம் பாதி தூக்கிய கையோடு நின்றிருந்தது. மாணிக்கம் சக்கரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அது இன்னும் சங்கடமாகப் போயிற்று.

“ஒக்காருங்க மாணிக்கம். கார்ட படிச்சுக் காட்டணும். ஃபோர்மேன் சொன்னாரு.”

“படிங்க சார். இங்லீஷ்ல எழுதிட்டீங்க, இனிமே எவன் நம்மள நம்பி வண்டி குடுப்பான்? என்னான்னாவது கேட்டுக்கறேன்.”

நான் கடைசி வரியை முதலில் படித்து முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தேன். சிங்கராயரின் “அப்பறம்?” காதில் கேட்டது. முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

“எண்ணெய்த் தொட்டி மூடியத் தொறந்து அளவு பாத்தேன். சரியா இருந்துச்சு. மூடிய தொறந்து வச்சபடியே பக்கெட்ட பத்து வாட்டி தூக்கி எறக்குனேன். எண்ணெயில நுரை வரல. கேஜ் மாட்டிப் பாத்தேன். சாக்பீஸ் கோடு போட்டுப் பாத்தேன். எல்லாம் சரி. மூடியப் போட்டேன். காரணம்…”

இங்கே என் குரல் கொஞ்சம் இறங்கியது. “ஓட்டுநர் அலட்சியம்.”

மாணிக்கம் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. “மொதல்லேர்ந்து இன்னொரு வாட்டி படிங்க சார்” என்றார்.

படித்தேன். “மூடியப் போட்டேன்” என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“அப்ப நீங்க தூக்கிப் பாத்தது பூரா மூடியத் தொறந்து வச்சுத்தானா?”

“ஆமா. உள்ள எண்ணெய் எப்படி ஓடுதுன்னு பாக்கணும்ல.”

“நான் ஓட்டுறது பூரா மூடியப் போட்டுத்தானே சார்.”

நான் கார்டை மறுபடி பார்த்தேன். பிசிக்ஸில் முதல் வகுப்பு.

மாணிக்கமே மேலே சொன்னார்: “எங்க வீட்டுல மண்ணெண்ணெ டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டா மடக்கு மடக்குன்னு தெணறும் சார். அந்தப் பக்கம் இன்னொரு ஓட்டை போட்டாத்தான் ஒழுங்கா ஊத்தும். இதுக்கு எங்க சார் அந்த ஓட்டை?”

அந்த ஓட்டை மூடியின் மேலேதான் இருந்தது. குண்டூசி நுழையும் அளவு ஒரு மூச்சுத் துளை. பம்ப் எண்ணெயை இழுக்க இழுக்கத் தொட்டிக்குள் காற்று வந்து நிரப்ப வேண்டும். வராவிட்டால் பம்ப் எண்ணெய் கிடைக்காமல் ஊளையிடும், கை பாதியில் நிற்கும். ராத்திரி முழுக்க மெல்லக் கசிந்து உள்ளே சேர்ந்த காற்றுதான் காலையில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்திருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் மணல் விழாமல் இருக்க மூடியைத் துணிமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோதித்தேன். என் முதல் சோதனையே நோயைக் குணப்படுத்திக்கொண்டிருந்தது.

வண்டி நின்றுபோயிருந்த நிலையிலேயே மாணிக்கம் மூடியைப் பிடித்துத் திருகினார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று தொட்டி காற்றை உறிஞ்சியது. ஏறி எஞ்சினைக் கிளப்பி லீவரைத் தொட்டார். பாதியில் நின்ற கை ஜோராக மேலே போனது. கூடைக்காரப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். மறுபடி மூடியை இறுக்கி வேலை செய்தோம், ஊளை வந்தது. திறந்தோம், தூக்கியது. மூன்று தடவை செய்துவிட்டுத்தான் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

மூடியின் மேல் பக்கம் முழுக்க வெள்ளைத் திருமண், நடுவில் சிவப்புக் கோடு. தினம் தினம் பழசின் மேல் புதுசாக இட்டு, வெயிலில் காய்ந்து, சுண்ணாம்புக் காரை போலக் கெட்டியாகப் பிடித்திருந்தது. நான் மூன்று தடவையும் பார்த்ததுதான். அலங்காரம் என்று கண் தாண்டிப் போயிருக்கிறது.

(இந்த இடத்தில் ஒரு மலிவான ஜோக் இருக்கிறது. நான் சொல்ல மாட்டேன். நீங்களும் குழுவில் போடாதீர்கள்.)

“சாமி தெனம் வந்து அவரு கையால போடுறது சார்” என்றார் மாணிக்கம். “முன்னாடி பானெட்டுல போட்டுக்கிட்டிருந்தாரு. லோடர் மாட்டுனப்பறம் முகம் மறைஞ்சுபோச்சு. இதுதான் வட்டமா, நெத்தி மாதிரி இருக்குன்னு இங்க மாத்திட்டாரு.”

“அப்ப அவருகிட்ட சொல்லிரலாம், வாங்க.”

மாணிக்கம் அசையவில்லை. “வேணாம் சார்.”

“என்ன வேணாம்? ஒங்க வேலை போகுது!”

“சாமி எம்புட்டு ஆசையா போடுவாரு தெரியுமா? மண்ண கையில கொழைச்சு, கண்ண மூடிக்கிட்டு, கொழந்தைக்கிப் போடுற மாதிரி போடுவாரு. அதாலதான் வண்டி நின்னுச்சுன்னு சொன்னா அவரு மனசு என்னா ஆகும்? நீங்க ஊசிய விட்டுத் தொளைச்சுட்டு, என்னமோ அடைப்பு, எடுத்தாச்சுன்னு சொல்லிருங்க.”

“நாளைக்குக் காலையில மறுபடி போடுவாரே?”

“போடட்டும். அதான் நாளையோட நான் இருக்கமாட்டேன்ல.”

அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. “ஏன்யா, ஒனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கா? இரக்கப்படுறதுக்கும் ஒரு அளவு வேணாம்?”

நான் வரப்பில் உட்கார்ந்து புதுக் கார்டு எழுத ஆரம்பித்தேன். மாணிக்கத்தைப் பற்றி அலட்சியம் என்று எழுத எனக்கு அரை நிமிடம் ஆகவில்லை. சுவாமியைப் பற்றி ஒரு வரி எழுத முக்கால் மணி நேரம். பாலக்கரைக் கிறிஸ்தவப் பையன் ஸ்ரீரங்கத்துப் பெரியவரிடம் போய், நீங்கள் இட்ட திருமண்தான் வண்டியை நிறுத்தியது என்று சொல்ல வேண்டும். அவர் எங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலையும் சனிக்கிழமையோடு சரி. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, காரணம் என்ற கட்டத்தில் இரண்டு வரி எழுதினேன். ஒன்று, மூச்சுத் துளை அடைப்பு, மூடியின் மேல் திருமண் காய்ந்தது. இரண்டு, மூடியைத் திறந்து வைத்தே சோதித்தது மெக்கானிக்கின் தவறு. பழைய கார்டில் ஓட்டுநர் அலட்சியம் என்ற வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

சுவாமி மூன்று மணிக்கு வந்தார்.

“என்ன ஓய் பி.எஸ்ஸி., மறுபடியும் வந்துட்டீரா? நாளன்னிக்கு வேற டிரைவர் வரான். அவன்கிட்டயாவது ஒழுங்கா ஓடறதா பார்க்கலாம்.”

“ஒரு கார்டு படிக்கணும் சுவாமி.”

“இவனுக்கா?”

“ஒங்களுக்கு.”

புருவத்தைத் தூக்கினார். “வாசியும்.”

தமிழிலேயே படித்தேன். திருமண் என்ற வார்த்தை வந்ததும் அவர் முகத்தைப் பார்க்காமல் கார்டையே பார்த்துக்கொண்டு படித்தேன். மாணிக்கம் டிராக்டருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சுவாமி கையை நீட்டினார். மூடியைக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். வெள்ளைப் பொருக்கு ஒன்று பெயர்ந்தது. அதைக் கீழே விடவில்லை. இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

“தொளை எங்கே இருக்கு?”

காட்டினேன். அஞ்சலை தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி என்னிடம் தந்தாள், நான் அவரிடம் தந்தேன். அவரே மெதுவாகக் குத்தி எடுத்தார். பிறகு மூடியை வாயருகே வைத்து ஊதினார். காற்று அந்தப் பக்கம் வந்தது.

“மூச்சு விடற எடத்துலயா ஓய் நான் இட்டுண்டிருந்தேன்?” என்றார். கேள்வி என்னிடம்தான், ஆனால் குரல் என்னிடம் இல்லை. மூடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இது இவனுக்குத் தெரியுமா?” என்றார்.

“அவருதான் கண்டுபிடிச்சாரு சுவாமி. ஒங்ககிட்ட சொல்லவேணாம்னு சொன்னதும் அவருதான்.”

அதற்கு மேல் சுவாமி என்னைப் பார்க்கவில்லை. மூடியைத் தன் மேல்துண்டால் துடைத்தார். தானே தொட்டியில் வைத்துத் திருகினார். அதற்குள் மாணிக்கம், எப்படியாவது இந்த இடத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று, மறுபக்கமாக ஏறி சீட்டில் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

சுவாமி சுற்றிக்கொண்டு போய்ப் பெரிய சக்கரத்தின் பக்கத்தில் நின்றார். மட்கார்டில் கையை வைத்தார்.

“மாணிக்கம். நாளன்னிக்கு யாரும் வரப்போறதில்லே. லால்குடிக்கு ஆள் அனுப்பிடறேன். நான் ஒனக்குப் பண்ணினது பெரிய அபசாரம்டா. அதுக்கு…”

மாணிக்கம் த்ராட்டிலை முழுசாக இழுத்துவிட்டார். எஞ்சின் அலறியது. பக்கெட் மணலில் இறங்கி, வாய் நிறைய அள்ளிக்கொண்டு, ஒரு திணறலும் இல்லாமல் மேலே போய் நின்றது. சுவாமியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. இரண்டடி தள்ளி நின்ற எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாணிக்கம் நேரே முன்னால் பார்த்தபடி, போதும் போதும் என்பது போலத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். சுவாமி பேசி முடிக்கும்வரை அவர் த்ராட்டிலைக் குறைக்கவே இல்லை.